மைனர் கோமதிக்கு எழுந்து நின்றவர்கள்

போன வாரம் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஜெயந்தி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றதும் கோர்ட்டில் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள். கெட்டிக்காரிதான். ஆனால் சந்தேகம் வந்தால் சட்டப் புத்தகத்தைத் திறக்கும் முன்னால் எனக்குப் போன் போட்டுவிடுவாள்.

“மேடம், ஒரு ஜீவனாம்சக் கட்டு. பணத்தை அம்மாகிட்ட குடுக்கணும்னு உத்தரவு. பிள்ள இப்ப சிவகிரியில மாமா வீட்டுல நின்னு படிக்கி. அப்பாகாரரு, ‘பிள்ளதான் அவகிட்ட இல்லையே, நான் எதுக்குக் குடுக்கணும்’னு மனு போட்டிருக்காரு. இது எந்த செக்ஷன்ல வரும்னு வக்கீலு என்னையக் கேக்காரு.”

“அப்ப பீஸையும் உங்கிட்ட குடுக்கச் சொல்லு” என்றேன்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நான் வேலையை விட்ட கொஞ்ச நாளில் சட்டத்துக்குப் பேரும் மாறிவிட்டது, எண்ணும் மாறிவிட்டது. சர்வீஸ் முழுக்க ஜீவனாம்சம் என்றால் நூற்றிருபத்தைந்து, அதை மாற்றக் கேட்டால் நூற்றிருபத்தேழு என்று சொல்லிப் பழகிய வாய் இது. இப்போது ஜீவனாம்சத்துக்கு நூற்றி நாற்பத்து நான்கு என்கிறார்கள். எங்கள் தலைமுறைக்கு நூற்றி நாற்பத்து நான்கு என்றால் தடை உத்தரவு. நாலு பேர் சேர்ந்து நின்றால் போலீஸ் வண்டி வரும். கைப்பிள்ளையோடு வருகிற பெண்ணிடம் “நீ நூற்றி நாற்பத்து நான்கு போடும்மா” என்று சொல்வதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

எண் மாறினால் மாறட்டும். ஜெயந்தி கேட்ட கேள்விக்கு விடை அந்தச் சட்டத்துக்குள்ளே ஒரு வரியில் இருக்கிறது. அந்த வரியை எத்தனையோ முறை என் கையால் டைப் அடித்திருக்கிறேன். ஆனால் அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது ஒரு சாரல் நாளில், ஒரு சின்னப் பிள்ளைக்கு மூச்சு முட்டியபோதுதான். அதைப் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தவள். சிவகிரியில் கொஞ்ச காலம், அங்கே இங்கே கொஞ்ச காலம், கடைசியில் தென்காசியில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். பெஞ்ச் கிளார்க் என்றால் வேறொன்றுமில்லை. மாஜிஸ்திரேட் மேலே உட்கார்ந்திருப்பார், அவர் காலடியில் மேசை போட்டு நாம் உட்கார்ந்திருப்போம். எந்த வழக்குக் கட்டு முதலில், எது அடுத்து, யாருக்கு எந்தத் தேதிக்கு வாய்தா என்பதெல்லாம் நம் கை வழியாகத்தான் போகும். சண்டை பூராவும் நம் தலைக்கு மேலேதான் நடக்கும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். “செண்பகவல்லி மேடத்துக்கிட்ட வாய் குடுத்தா வாய்தா தள்ளிப் போயிரும்” என்று வக்கீல்கள் கேலி செய்வார்கள். அது சும்மா. சீசன் வந்தால் அவர்களே வந்து கெஞ்சுவார்கள். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று பேப்பரில் வந்துவிட்டால், தென்காசிக்காரன் வீட்டில் எங்கிருந்தெல்லாமோ சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். “வீட்டுல விருந்தாள் மேடம், ஒரு வாய்தா போட்டுக் குடுங்க” என்று கேட்காத வக்கீல் கிடையாது.

எத்தனையோ மாஜிஸ்திரேட்டுகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். கோபக்காரர், தூங்குமூஞ்சி, நல்லவர், நல்லவர் மாதிரி இருப்பவர் எல்லாரும் உண்டு. ஒருவரைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். தாராபுரம் பக்கத்துக்காரர். மழையை எண்ணிப் பார்த்து வளர்ந்த ஊர் போலிருக்கிறது. முதல் சாரல் விழுந்த அன்று சேம்பர் ஜன்னலில் கையை வெளியே நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். கையெழுத்து வாங்கப் போன நான் திரும்பி வந்துவிட்டேன்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வக்கீல்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால், பக்கத்தில் இருக்கும் பிளாஸ்கைத் திறந்து டம்ளரில் வெந்நீர் ஊற்றுவார். ஆறும்வரை ஊதுவார். குடிப்பார். அதற்குள் இரண்டு பேரும் ஓய்ந்து போயிருப்பார்கள். அந்தப் பிளாஸ்கை அவர் தவிர யாரும் தொட்டதில்லை. தொண்டையில் ஏதோ தொந்தரவு என்று பேசிக்கொள்வோம். யாராவது அழ ஆரம்பித்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அழுகை முடிந்த பிறகுதான் எடுப்பார். “அழுகிறத எல்லாம் வாக்குமூலத்துல எழுதக் கூடாதுங்க” என்று ஒரு முறை என்னிடம் சொன்னார்.

ஜீவனாம்ச வழக்கு வந்தால் அவரிடம் இரண்டு வழக்கம் உண்டு. வேறெந்த அதிகாரியிடமும் நான் பார்க்காதவை. ஒன்று, கூப்பிடும் முறை. பிள்ளைக்கான வழக்கு என்றாலும் எங்கள் கோர்ட்டில் அம்மா பேரைத்தான் கோர்ட் சேவகரான டவாலி கூப்பிடுவார். இவர் வந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, “குழந்தை பேரை முதல்ல கூப்பிடச் சொல்லுங்க. வழக்கு குழந்தையோடது” என்றார். அன்றிலிருந்து, எங்கோ தொட்டிலில் கிடக்கிற பிள்ளையின் பேரை எல்லாம் டவாலி வராந்தாவில் நின்று முழங்க ஆரம்பித்தார். அம்மாக்கள் முதலில் திருதிருவென்று விழிப்பார்கள். அப்புறம் புரிந்து எழுந்து வருவார்கள்.

இன்னொன்று, ஒரு கேள்வி. இரண்டு தரப்பும் ஆளுக்கொரு கதை சொல்லி முடித்த பிறகு அவர் கேட்பார்: “குழந்தை இன்னிக்குக் காலையில எந்த வீட்டுல சாப்பிட்டுச்சுங்க?” இவ்வளவுதான். வக்கீல்களுக்கு இது பிடிக்காது. பிரமாண வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்த கதை பாதி, இந்தக் கேள்வியில் ஆட்டம் கண்டுவிடும்.

கடையநல்லூரில் துணிக்கடை வைத்திருந்த ஒருவருடைய வழக்கு ஞாபகம் வருகிறது. மனைவியைப் பிரிந்தவர், பையனுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. நடுவில் பையன் அப்பாவிடமே வந்துவிட்டான். அவரும் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். கோர்ட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாக்கி சேர்ந்து வாரண்ட் வந்தபோது மனிதர் பதறிப்போய் ஓடி வந்தார்.

“ஐயா, பையன் எங்கூடத்தான இருக்கான்! எம் பிள்ளைக்கு நானே சோறு போட்டுட்டு, அதுக்கு இன்னொரு வீட்டுலயும் காசு கட்டணுமா?”

“பையன் உங்ககிட்ட வந்துட்டானுங்க, சரி. உத்தரவு அங்கயேதான இருக்கு? நீங்க வந்து சொன்னாத்தான் அது நகரும்” என்றார் ஐயா.

நல்ல வேளையாக அந்த அம்மாள், “பிள்ள அவருகிட்டதான்யா இருந்தான், நான் பொய் சொல்ல மாட்டேன்” என்று கூண்டிலேயே சொல்லிவிட்டார். அன்றைக்கே முடிந்தது. ஆனால் எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. பிள்ளை இடம் மாறினால் உத்தரவு தானாகவே மாறிவிடும் என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் பக்கம் நிறைய.

இனி கோமதியின் வழக்குக்கு வருகிறேன்.

கோமதிக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அம்மா இசக்கி, குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் சமையல் வேலை. லாட்ஜுக்குப் பின்னாலேயே ஒரு அறையில் தங்கியிருந்தாள். அப்பா மாரியப்பன், புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழ லோடு ஏற்றிக் கேரளத்துக்கு ஓட்டுகிற லாரி டிரைவர். இரண்டு பேரும் பேசி முறையாகப் பிரிந்துவிட்டார்கள். இசக்கி தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. பிள்ளைக்கு மட்டும் மாதாமாதம் அம்மாவிடம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. பிறகு மாரியப்பன் புளியங்குடியில் செல்வி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். செல்விக்குப் பிள்ளை இல்லை. எலுமிச்சை மண்டியில் பழம் தரம் பிரிக்கிற வேலைக்குப் போவாள்.

கோமதிக்கு இளைப்பு நோய். குற்றாலச் சாரல் வேண்டும் என்று உலகமே அங்கே வந்து நிற்கிறது. அந்தப் பிள்ளைக்கு அந்தச் சாரல்தான் ஆகாது. சீசனில் அருவிப் பக்கத்துச் சுவரெல்லாம் ஊறிப்போய்க் கிடக்கும், துணி காயாது, அவளுக்கு நெஞ்சு கீச்சுக் கீச்சென்று இழுக்கும். டாக்டர், “காஞ்ச ஊரா பாத்துக் கொண்டு போய் வைம்மா” என்றார். இசக்கிக்குக் காய்ந்த ஊரில் யாருமில்லை. அதனால் புளியங்குடியில் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். சீசன் முடியட்டும் என்று விட்டது, பிள்ளைக்கு அங்கே மூச்சு நன்றாக இருக்கவே அப்படியே தங்கிவிட்டது. இசக்கி மாதம் ஒரு முறை பணம் வாங்கிய கையோடு புளியங்குடிக்குப் போய்ச் செல்வியிடம் கொடுத்துவிட்டு வருவாள். வீட்டுக்குள் போக மாட்டாள். வாசலில் நின்றே பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் பேச்சு அவ்வளவுதான்.

இதற்கிடையில் மாரியப்பனுக்குப் புனலூர்ப் பக்கம் வேறொரு தொடுப்பு. புளியங்குடி வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது. வீட்டு வாடகையும் செல்விதான் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த நிலைமையில்தான் அவன் மனுப் போட்டான்: குழந்தை அம்மாவிடம் இல்லை, என் வீட்டில் இருக்கிறது, என் மனைவி வளர்க்கிறாள், ஆகவே உத்தரவை ரத்து செய்ய வேண்டும்.

இதில் உள்ள சூழ்ச்சியைப் பாருங்கள். எழுதியிருந்ததில் ஏறக்குறைய எல்லாமே உண்மை. பிள்ளை அம்மாவிடம் இல்லைதான். இசக்கி உண்மையைச் சொன்னால் பணம் நின்றுவிடும். பணம் நின்றால் பிள்ளைக்கு மருந்து நிற்கும். பணம் வேண்டுமென்றால் பிள்ளையைத் தன்னிடம் வைத்திருப்பதாகக் காட்ட வேண்டும், அங்கேயோ சாரல். லாட்ஜில் கூட வேலை செய்தவர்கள் யோசனை சொல்லியிருக்கிறார்கள்: “பிள்ளைய ரெண்டு நாளு கூட்டி வந்து வச்சுக்க. கோர்ட்டுக்கும் கையோட கூட்டிட்டுப் போ. உங்கூடத்தான் இருக்குன்னு அவியளே நம்பிருவாவ.” எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் இப்படி யோசனை வரும். ஆனிச் சாரல் உச்சத்தில் இருக்கும்போது, ஈரக் காற்றுக்கு ஆகாத பிள்ளையைக் கோர்ட்டில் காட்டுவதற்காகக் குற்றாலத்துக்குக் கூட்டி வந்தாள்.

சாட்சி விசாரணை அன்று ஹால் முழுக்க ஈரக் குடை நாற்றம். பகலிலேயே டியூப் லைட் எரிந்தது. டவாலி “மைனர் கோமதி” என்று கூப்பிட்டதும் பின் பெஞ்சிலிருந்து இசக்கி எழுந்து நின்றாள். பக்கத்தில் மஞ்சள் ஸ்வெட்டரும் காதை மூடுகிற குல்லாவும் போட்டுப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. நல்ல சூட்டிகையான கண். காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாரியப்பன் தரப்புச் சாட்சியாகச் செல்வி கூண்டில் ஏறினாள். கறுப்பாக, மெலிவாக, கையில் ஒரு கட்டைப் பை. கூண்டுக்குள்ளும் அதை விடவில்லை. மாரியப்பனின் வக்கீல் கேட்க ஆரம்பித்தார்.

“குழந்தை எங்கம்மா இருக்கு?”

“புளியங்குடியில. எங்க வீட்டுல.”

“யாரு வளக்கிறது?”

“நாந்தான் பாக்கேன்.”

“உங்க வீட்டுக்காரர்தான செலவு செய்யிறாரு?”

இதற்கு அவள் “ஆமா” என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கூட்டி வந்திருந்தார்கள். வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் பின் பெஞ்சில் ஒரு இருமல். பெரிய இருமல்கூட இல்லை. நான் வழக்குக் கட்டைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். செல்வியின் தலை மட்டும் சட்டென்று திரும்பியது.

“சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்காரர்தான...”

“இருங்கய்யா” என்றாள். கண் பின் பெஞ்சிலேயே இருந்தது. இன்னொரு இருமல். அதோடு ஒரு கீச்சுச் சத்தம். அவ்வளவுதான், கூண்டை விட்டு இறங்கிவிட்டாள்.

பாதிச் சாட்சியத்தில் சாட்சி இறங்கி ஓடுவதை என் சர்வீஸில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. டவாலி மறிக்கப் போனார். மேலே பார்த்தேன். ஐயா இரண்டு விரலைத் தூக்கி, விடுங்கள் என்று காட்டினார். பேனா ஏற்கெனவே கீழே இருந்தது.

இசக்கி பதறிப்போய்ப் பிள்ளை நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். செல்வி போன வேகத்தில் அவள் கையைத் தட்டிவிட்டாள். “ஏட்டி, தைலம் போடாத! அந்த நெடிக்கு இன்னும் கூடத்தான் செய்யும்!” அவர்கள் இரண்டு பேரும் அத்தனை பேர் முன்னிலையில் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். கட்டைப் பைக்குள் கை விட்டு ஒரு இன்ஹேலரை எடுத்தாள். தேடவே இல்லை, கைக்கு அது இருக்கும் இடம் தெரிந்திருந்தது. தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

“கோமு, இங்கன பாரு. என்னைய மட்டும் பாரு. பயப்படாத. ஊதி விடு. ம். இப்ப இழு, இழு, பைய இழு. புடிச்சுக்க. ஆங், அப்படித்தான் என் ராசாத்தி.”

பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தபடியே அவள் சொன்னபடியெல்லாம் செய்தது. ஹாலில் இருந்த அத்தனை பேரும், கைதியோடு வந்த போலீஸ்காரர் உட்பட, அந்தப் பிள்ளையோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

“யுவர் ஆனர், சாட்சி கூண்டுல...” என்று வக்கீல் ஆரம்பித்தார்.

“உக்காருங்க” என்றார் ஐயா.

செல்வி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “ஒரு தம்ளரு வெந்நி கெடைக்குமா?”

யாரிடம் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. பிளாஸ்க் திறக்கும் சத்தம் மேலே கேட்டது. ஐயா தன் டம்ளரில் தானே ஊற்றினார், ஊதி ஆற்றினார், குனிந்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு போனேன். செல்வி கொஞ்சம் தன் வாயில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தாள்.

இளைப்பு இறங்கியது. பிள்ளை, ஒரு பக்கம் அம்மா மடி, ஒரு பக்கம் செல்வி தோள் என்று சாய்ந்து உட்கார்ந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று ஐயா கேட்டார். “இனி வேண்டாம்யா. இது எறங்கிட்டுன்னா எறங்கிட்டுதான்” என்றாள் செல்வி. பிறகு அவளே போய்க் கூண்டில் ஏறினாள். யாரும் ஏறச் சொல்லவில்லை.

இப்போது ஐயாவே கேட்டார்.

“அந்த மருந்து உங்க பையில எப்படிம்மா இருந்துச்சு? குழந்தை இன்னிக்கு அவங்க அம்மாகூடத்தானுங்க வந்திருக்குது?”

“அவகிட்ட ஒண்ணு குடுத்துத்தான்யா விட்டேன். எடுக்க மறந்திருப்பா, புதுசுல்லா அவளுக்கு. ஆனா எங்கிட்டயும் ஒண்ணு இருக்கணும்லா?”

“வக்கீல் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல. உங்க வீட்டுக்காரர் செலவு செய்யிறாரா?”

செல்வி மாரியப்பனைப் பார்த்தாள். அவன் வெள்ளைச் சட்டையோடு முன் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அவன் மேல் அவளுக்குக் கோபம் இருந்த மாதிரியே தெரியவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது.

“போன ஆடிக்கு முந்தின ஆடியில வந்தாவ. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் பாக்கேன்.”

“அப்ப எதுக்கும்மா அவருக்குச் சாட்சி சொல்ல வந்தீங்க?”

“சொன்னா வீட்டுக்கு வந்திருதேன்னு போனுல சொன்னாவ.”

ஓட்டில் சாரல் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு பெண் தன் வாழ்க்கையை ஒரு “ஆமா”வில் திரும்ப வாங்கியிருக்கலாம். அந்த “ஆமா” நாக்கு நுனி வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். ஒரு பிள்ளையின் இருமலுக்காக அதை விட்டுவிட்டு இறங்கிப் போனாள். சினிமாவில் காட்டினால்கூட நம்பியிருக்க மாட்டேன்.

ஐயா இசக்கியின் பக்கம் திரும்பித் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். “குழந்தை இன்னிக்குக் காலையில எந்த வீட்டுல சாப்பிட்டுச்சு?”

“எங்கிட்டதான்யா. ஆனா இந்த ரெண்டு நாளு மட்டுந்தான்” என்று இசக்கி உடைந்து போனாள். “பிள்ள அவகிட்டதான் இருக்கு. பொய்யாத்தான் கூட்டிட்டு வந்தேன். எனக்குப் பணம் வேண்டாம்யா. அவகிட்டயே குடுத்துருங்க. பிள்ளைய மட்டும் எங்கயும் மாத்தச் சொல்லிராதிய.”

வக்கீல் விடவில்லை. அவர் வேலை அது. இந்தம்மா பெற்ற தாய் இல்லை, கார்டியன் இல்லை, வழக்கில் கட்சிக்காரரே இல்லை, சட்டப்படி அந்தக் குழந்தைக்கு யாரோ, இவர் கையில் எப்படிப் பணம் கொடுக்கச் சொல்ல முடியும் என்று கேட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஐயா என்னிடம் புத்தகத்தைக் கேட்டார். நூற்றிருபத்தைந்தைப் பிரித்து, முதல் உட்பிரிவின் கடைசியில் விரலை வைத்து நிதானமாகத் தமிழில் சொன்னார்: அந்தத் தொகையை, மாஜிஸ்திரேட் அவ்வப்போது யாரிடம் கொடுக்கச் சொல்கிறாரோ அவரிடம் கொடுக்க வேண்டும். “தாய்னு போடல. கார்டியன்னு போடல. யாருகிட்டன்னு பாத்து முடிவு பண்ற வேலைய எங்கிட்ட விட்டிருக்காங்க. அவ்வப்போதுன்னு வேற போட்டிருக்காங்க. குழந்தைங்க இருக்கிற எடம் மாறும்னு எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க.”

அந்த வரியை எத்தனை உத்தரவில் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருப்பேன்! எந்தக் காலத்திலோ, எங்கோ உட்கார்ந்து சட்டம் எழுதிய யாரோ ஒரு மனிதர், புளியங்குடிச் செல்வி ஒருத்தி வருவாள் என்று அவளுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

உத்தரவு சொல்ல வேறொரு நாள் வைத்தார். அன்றைக்கு டவாலி வராந்தாவில் போய் நின்று, “மைனர் கோமதி” என்று முழங்கினார்.

இசக்கி எழுந்து நின்றாள். அவள் பக்கத்தில் செல்வியும் எழுந்து நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “யாராச்சும் ஒருத்தர் வாங்கம்மா” என்று டவாலி தலையைச் சொறிந்தார். “ரெண்டு பேரும் வரட்டுங்க” என்றார் ஐயா.

அப்பாவின் மனு தள்ளுபடி. பிள்ளை எந்த வீட்டுக்குப் போனாலும் அதன் உரிமையும் கூடப் போகும். தாயின் சம்மதத்தோடு, குழந்தையை இப்போது வளர்த்து வரும் செல்வியிடம் மாதாமாதம் தொகையைக் கொடுக்க வேண்டும். தாய்க்குப் பிள்ளை மேல் உள்ள உரிமை எதுவும் இதனால் குறையாது. குழந்தை மறுபடி இடம் மாறினால் கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். இதுதான் உத்தரவின் சாரம். ஆங்கிலத்தில் டைப் அடித்ததை, இரண்டு பெண்களுக்கும் புரிகிற தமிழில் வரி வரியாக அவரே சொன்னார்.

வராந்தாவில் மாரியப்பன் செல்வியிடம், “இனி எம் மூஞ்சியிலயே முழிக்காத” என்றான். அவள் குடையை உதறி மடக்கிக்கொண்டு, “அக்கா, புளியங்குடி பஸ்ஸு இங்கனயே நிக்குமா?” என்று என்னிடம் கேட்டாள்.

அந்த ஐயா மாற்றலாகிப் போய்விட்டார். இன்னும் இரண்டு பேர் வந்து போனார்கள். நான் ஓய்வு பெறச் சில மாதம் இருக்கும்போது ஒரு நாள், கட்டைப் பையோடு செல்வி என் மேசை முன்னால் வந்து நின்றாள். கூட யாருமில்லை.

“அக்கா, பணத்த நிறுத்தணும். எங்க சொல்லணும்?”

எனக்கு விளங்கவில்லை. கூட்டிக் கொடுங்கள் என்று வருவார்கள், குறையுங்கள் என்று வருவார்கள், பாக்கியை வாங்கித் தாருங்கள் என்று வருவார்கள். எனக்கு வருகிற பணத்தை நிறுத்துங்கள் என்று வந்த ஆளை நான் கண்டதே இல்லை.

கோமதிக்கு வளர வளர இளைப்பு குறைந்துவிட்டதாம். போன சாரலில் ஒரு தடவைகூட வரவில்லையாம். தென்காசியில் நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. இசக்கியும் இப்போது தென்காசிக்கே வீடு மாறி வந்துவிட்டாள். பிள்ளை அம்மாவிடம் போய்விட்டது.

“எப்பட்டி போச்சு?”

“பள்ளிக்கூடம் தொறந்த அன்னைக்கு.”

“அதுக்குள்ள ஓடி வந்துட்டியாக்கும்? உன்னைய யாராச்சும் கேட்டாவளா? அவியளா மனுப் போடட்டுமே.”

“பிள்ள அங்கன சாப்பிடுது, காசு இங்கன வருது. எனக்குச் செமிக்காதுக்கா.”

நானே உட்கார்ந்து மெமோ எழுதிக் கொடுத்து, அப்போதிருந்த மாஜிஸ்திரேட் அம்மாவிடம் வழக்குக் கட்டை வைத்தேன். இசக்கியை வரவழைத்து, பணத்தை இனி அவளிடம் கொடுக்கும்படி உத்தரவு மாறியது. அன்றைக்குச் செல்வியும் வந்திருந்தாள். பள்ளிக்கூட யூனிபார்மில் கோமதியும் வந்திருந்தாள், செல்வியைவிட உயரமாக. “சித்தி, சனிக்கெழம நான் அங்கன வந்துருவேன், சொல்லிட்டேன்” என்று அவள் தோளில் இடித்தாள்.

உத்தரவின் நகல் தனக்கு ஒன்று வேண்டும் என்றாள் செல்வி. எதற்கென்று நான் கேட்கவில்லை. முத்திரை வில்லைக்குச் சில்லறை எடுக்கக் கட்டைப் பையை என் மேசையில் வைத்துத் துழாவினாள். சில்லறைக்கு முன்னால் வெளியே வந்தது ஒரு இன்ஹேலர்.

“ஏட்டி, அவளுக்குத்தான் இளைப்பே நின்னு போச்சே. இது எதுக்கு இன்னும்?”

“இருக்கட்டும்க்கா” என்றாள்.

கையில் எடுத்துப் பார்த்தேன். பழசு இல்லை. மருந்துக்கடை உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.